இது குமண இல்ல, நம்மட வட்டை

போன மாரி தொடங்கிய நேரம் நாங்கள் ஒரு வெள்ளைக் கொக்கின் படத்தை பேஸ்புக்கில் போட்டோம். நாங்கள் என்றால் கெம்பஸில் கலைப்பீடத்தில் ஒன்றாகப் படிக்கிற நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு பழைய கெனன் கெமரா, ஒரு 250 மில்லிமீற்றர் லென்ஸ். 2022இல் டொலர் ஏறின பிறகு புதுக் கெமராவைப் பற்றி யோசிக்கவே ஏலாது, அதனால செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். படம் நல்லா வந்திருந்தது. கொக்கு ஒற்றைக் காலில் நிற்கிறது, தண்ணி கண்ணாடி மாதிரி, பின்னால் ஒரே பச்சை. எங்கட வாழ்க்கையில் அவ்வளவு லைக் வேறெந்தப் படத்துக்கும் விழவில்லை.

கீழே ஒருத்தர் எழுதியிருந்தார்: “மாஷா அல்லாஹ். எங்க மகன் இது? குமணயா?”

கேட்டவர் ஊர்க்காரர்தான். அந்தக் கொக்கு நின்ற இடத்துக்கும் அவருடைய வீட்டுக்கும் இடையில் ஒரு கிறவல் றோட்டுத்தான் இருக்கிறது. கல்முனை, சாய்ந்தமருதுக்குப் பின்னால் கிடக்கிற கரைவாகு வட்டையின் ஓரம் அது. அவர் தினமும் மோட்டார் சைக்கிளில் அதைக் கடந்துதான் போகிறார். ஆனால் படத்தில் அந்த இடத்தை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் அவர் பிழை ஒன்றும் இல்லை. அடையாளம் காண உதவக்கூடிய எல்லாவற்றையும் நாங்கள் ஸ்னாப்சீட்டில் விரலால் தேய்த்து அழித்திருந்தோம்: இரண்டு சொப்பிங் பேக், ஒரு பெம்பர்ஸ், ஒரு கரண்ட் போஸ்ட், தூரத்தில் பாதி கட்டின ஒரு வீட்டின் செங்கல் சுவர். தண்ணியின் நிறத்தையும் கொஞ்சம் நீலமாக்கினோம், சொல்லிவிடுகிறோம்.

முதல் இரண்டு நாளும் குமணயா என்று கேட்டது எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொத்துவில், பாணமை எல்லாம் தாண்டிப் போகவேணும் குமணவுக்கு. 2010இல் றம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்க போய் எடுத்த மாதிரி இருக்கு என்றால் சும்மாவா? பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ உறுத்தத் தொடங்கியது. நம்மட ஊர்க் கொக்கை நாங்களே ஊரை விட்டு எழுப்பி அனுப்பிவிட்டோம் போல இருந்தது. இந்தக் கட்டுரை அந்த உறுத்தலைப் பற்றியது. நீர்ப்பறவைப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புகிறதும் இதுதான்: எடிட் பண்ணுங்க, தாராளமாப் பண்ணுங்க, ஆனா இடத்தை அழிக்காதீங்க.

முதலில் எடிட்டிங்குக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டும். எங்கட வட்டாரத்தில் ‘எடிட் பண்ணின படம்’ என்றால் பொய்ப்படம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியில்லை. கெமரா தானாகவே பொய் சொல்லும், கொக்கை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் இருண்ட தண்ணிக்கு நடுவே ஒரு வெள்ளைக் கொக்கு நிற்கிறது. கெமரா முழுக் காட்சியையும் அளந்து, ‘ஆ, சரியான இருட்டு’ என்று முடிவெடுத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். விளைவு, கொக்கு ஒரு வெள்ளைச் சட்டை காயப்போட்ட மாதிரி வரும். இறகு ஒன்றும் தெரியாது. முதல் மாதம் நாங்கள் எடுத்த கொக்குகள் எல்லாம் சட்டைகள்தான். நீர்க்காகத்தை வானத்துக்கு எதிரே எடுத்தால் இதற்கு நேர்மாறு, கரித்துண்டு.

ஆகவே கொக்கென்றால் எக்ஸ்போஷரை ஒன்று குறைத்து எடுக்கப் பழகினோம். வானத்துக்கு எதிரே நீர்க்காகம் என்றால் ஒன்று கூட்டி. ஜேபெக்கில் ஒருதரம் வெள்ளை வெந்துவிட்டால் எந்த எப்பாலும் அதை மீட்க முடியாது, இறகின் விவரம் அந்த ஃபைலுக்குள்ளேயே இல்லை. ரோ ஃபைலில் கொஞ்சம் இடம் இருக்கும். பிறகு லைட்ரூமில் ஹைலைட்டைக் குறைத்தால், கொக்கின் முதுகில் இனப்பெருக்க காலத்தில் வருகிற அந்த மெல்லிய நூல் இறகுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அது உண்மையாகவே அங்கே இருந்தது, எங்கட கண்ணும் அதைப் பார்த்தது, கெமராதான் தவறவிட்டது. இப்படியான எடிட்டிங் கெமரா செய்த பிழையைத் திருத்துகிற வேலை. இதில் என்ன பொய்?

க்ரொப் பண்ணுவதும் அப்படித்தான். 250 மில்லிமீற்றர் லென்ஸை வைத்துக்கொண்டு பறவைப் படம் எடுக்கிறவர்கள் க்ரொப் பண்ணாமல் வாழ முடியாது. வரம்பில் நிற்கிற உள்ளான் 24 மெகாபிக்சல் படத்தில் ஒரு எறும்பு அளவில் இருக்கும். நாலில் ஒரு பங்காக வெட்டினால்தான் அதற்குக் கண் இருப்பதே தெரியும்.

ஒரு சின்ன விஷயம், யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, நாங்களாகக் கண்டுபிடித்தது. நம்மட கரையில் கடல் கிழக்கே, வட்டையும் களப்பும் ஊருக்கு மேற்கே. சுபஹு தொழுதுவிட்டுப் போய் ஊர்ப்பக்கமாக நின்று வட்டையைப் பார்த்தால் சூரியன் உங்கட முதுகுக்குப் பின்னால் கடலிலிருந்து எழும்பும். பறவை மேலே நேராக வெளிச்சம் விழும். ஐஎஸ்ஓவைப் பெரிசாகக் கூட்டாமல் 1/1000இல் எடுக்கலாம், பறக்கிறதையும் நிறுத்திவிடலாம். இதே இடத்துக்கு அஸருக்குப் பிறகு போனால் எல்லாம் நிழலுருவம். லென்ஸ் வாங்கக் காசில்லாதவர்களுக்கு அல்லாஹ் கொடுத்த திசை இது என்று எங்களில் ஒருத்தன் சொல்லுவான். வரம்பில் குந்தி, அல்லது படுத்து, கெமராவைப் பறவையின் கண் மட்டத்துக்குக் கொண்டுவாங்க. சேறு படும், உம்மா ஏசுவா, அது வேற.

சரி, இதுவரைக்கும் எல்லாரும் ஒத்துக்கொள்ளுவீங்க. சண்டை இனித்தான்.

பெம்பர்ஸை அழிப்பதும் ஹைலைட்டைக் குறைப்பதும் ஒன்றல்ல. நாங்கள் அந்த இடத்தில் நின்றபோது எங்கட கண் பெம்பர்ஸையும் பார்த்தது. கொக்கும் அதைச் சுற்றித்தான் நடந்தது. நாங்கள் அழித்தது கெமராவின் பிழையை அல்ல, அங்கே இருந்த ஒரு பொருளை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிற காட்டுயிர் புகைப்படப் போட்டியில் இதற்குத்தான் கோடு போட்டிருக்கிறார்கள்: வெளிச்சம், நிறம் திருத்தலாம், வெட்டலாம், இருந்ததை எடுக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. இந்தச் சண்டை போன் எப் வந்த பிறகு தொடங்கினதும் இல்லை. 1982 பெப்ரவரியில் நெஷனல் ஜியோகிரபிக் இதழ், அட்டையின் அகலத்துக்குள் அடக்குவதற்காக எகிப்தின் பிரமிட்டுகளைக் கணினியில் நெருக்கி வைத்தது. ஃபோட்டோஷொப் அப்போது பிறக்கவே இல்லை. இன்றைக்கும் அந்தப் பத்திரிகையைப் பற்றிப் பேசுகிறபோது அந்த அட்டையைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

“நாங்க என்ன போட்டிக்கா அனுப்புறோம்? பேஸ்புக்குக்குத்தானே” என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் இதைவிடக் கனமான ஒரு கேள்வியை வரம்பில் வைத்து ஒரு மூத்தவர் கேட்டார். வயலுக்குத் தண்ணி பார்க்க வந்தவர். நாங்கள் குப்பையோடு சேர்த்து ஒரு நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொண்டிருந்தோம்.

“என்ன மகன், குப்பையையும் சேர்த்தா எடுக்கீங்க?”

“ஓம் காக்கா, இருக்கிறத அப்படியே எடுக்கம்.”

“ஊர்ட மானத்த வாங்காதீங்க மகன். ஏற்கனவே நம்மளப் பத்திக் கதைக்கிற ஆக்கள் கூட.”

இதற்கு எங்களிடம் சட்டென்று பதில் இருக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு சாய்ந்தமருது என்ற பெயரை நாட்டின் மற்றப் பக்கங்கள் எந்தக் காரணத்தால் தெரிந்துகொண்டன என்பது எங்களுக்குத் தெரியும். கொழும்பில் ஊரின் பெயரைச் சொன்னதும் முகம் மாறுகிறதைப் பார்த்தவர்கள் எங்களில் இருக்கிறோம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வருகிற படம் அழகாக இருக்கவேணும் என்று ஒரு பெரியவர் ஆசைப்படுவதை வெறும் பூசி மெழுகுதல் என்று எங்களால் தள்ளிவிட முடியாது. எங்கட கொக்குப் படத்துக்கு விழுந்த லைக்குகளிலும் அந்த ஆசை இருந்தது.

இருந்தும் நாங்கள் அவரோடு உடன்படவில்லை. காரணம், அதே கரையில் எடுத்த வேறொரு படம்.

ஒலுவில் பக்கம், அஷ்ரஃப் நகரை ஒட்டிய குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீனைக் கிளறித் தின்கிற படங்களைப் பார்த்திருப்பீங்க. யாழ்ப்பாணத்துப் புகைப்படக் கலைஞர் தர்மபாலன் திலக்சன் எடுத்த அந்தப் படங்கள் 2020இல் உலகம் முழுக்கச் சுற்றின. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் என்று நம்மட குப்பைதான் அங்கே போய்ச் சேருகிறது. அந்த மேடு அதற்கு முன்னும் இருந்தது. நாங்கள் படிக்கிற கெம்பஸிலிருந்து அது அதிக தூரமும் இல்லை. யானையை மட்டும் வெட்டி, குப்பையை அழித்து, பின்னால் ஒரு சூரிய அஸ்தமனத்தை வைத்து அந்தப் படம் வந்திருந்தால் யார் எதைப் பேசியிருப்பார்கள்? “வாவ், யால?” என்றுதான் கேட்டிருப்பார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படங்களை எடுத்தது வெளியிலிருந்து வந்த ஒருவர். நாங்கள் உள்ளே இருந்துகொண்டு அழகான படம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால், நம்மட இடத்தின் கதையை எப்போதும் வெளியே இருந்து வருகிறவர்கள்தான் சொல்லுவார்கள். அதில் நாங்கள் குற்றவாளிகளாக மட்டும்தான் வருவோம். ஊர்க்காரர் எடுக்கிற படத்தில் வேறு சில விஷயங்களும் இருக்கும். உதாரணமாக, அந்தப் பாதி கட்டின வீடு.

அதை அழித்ததுதான் இப்போது எங்களுக்கு அதிகம் வலிக்கிறது. பெம்பர்ஸைவிட. 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன் பிறகு கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று வடக்கு கிழக்குக்கு ஒரு வலயம் அறிவித்தார்கள். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு ஒடுங்கின துண்டில் நெருங்கி வாழ்கிற ஊர்கள் இவை. கிழக்கே போக ஏலாது என்றால் சனம் எங்கே போகும்? மேற்கேதான். வெனிசுவேலாவின் உதவியில் கட்டின சாய்ந்தமருது பொலிவேரியன் குடியிருப்பும் ஊருக்கு மேற்கே வயல் பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு பிள்ளைகள் கலியாணம் முடித்து, ஆளுக்கொரு பத்து பேர்ச் காணி தேடி, கிறவல் போட்டு நிரப்பி, வட்டை ஓரமாக வீடு வந்துகொண்டே இருக்கிறது. எங்களில் ஒருத்தரின் ராத்தாட வீடும் அப்படி நிரப்பின காணியில்தான்.

கொக்குக்குப் பின்னால் இருந்த அந்தச் செங்கல் சுவரில் இவ்வளவும் இருக்கிறது. யாரோ ஒரு வாப்பா மகளுக்காகக் கட்டுகிற வீடு. அதே நேரம் கொக்கு மேய்கிற தண்ணி சுருங்குகிற இடம். இரண்டும் உண்மை. ஒரு படம் இரண்டையும் சேர்த்துக் காட்டக்கூடியது. நாங்கள் ஒன்றை விரலால் தேய்த்துவிட்டோம்.

வட்டை முப்பது வருடத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்று ஊரில் கேட்டுப் பார்த்தோம். நிறையப் பேர் நிறையச் சொன்னார்கள். தாரா கூட்டம் கூட்டமாக விழும், கூழைக்கடா வரும், தோணாவில் தெளிஞ்ச தண்ணி ஓடும் என்று. படம் ஏதும் இருக்கா என்று கேட்டால் எல்லாரும் கலியாண அல்பத்தைத்தான் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் ஃபிலிம் விலை, யார் கொக்குக்குச் செலவழிப்பான்? இருந்ததையும் பாதிக்கு மேல் கடல் கொண்டுபோய்விட்டது. தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார், 1996இல் காலமானவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படம் எடுத்தார், தமிழிலும் இயற்கையைப் பற்றி எழுதினார். அந்த மாதிரி ஒரு ஆள் நம்மட கரையில் இருந்திருந்தால் என்று பொறாமையாக இருக்கும்.

எங்கட தலைமுறையில் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. முப்பது வருடம் கழித்து ஒருவர் வந்து கரைவாகு வட்டையின் படம் கேட்டால் ஆயிரக்கணக்கில் கொடுக்கலாம். எல்லாம் நீலத் தண்ணி, பச்சைப் பின்னணி, எங்கே எடுத்ததென்றே தெரியாத கொக்குகள்.

இப்போது நாங்கள் செய்கிறது என்னவென்றால், ஒரு பறவைக்குக் குறைந்தது இரண்டு படம். ஒன்று கிட்ட, க்ரொப் பண்ணி, கண்ணும் இறகும் தெரிகிற மாதிரி. அழகுக்கும் உரிமை இருக்கிறது, அதை நாங்கள் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. மற்றது லென்ஸைப் பின்னால் இழுத்து, சுற்றி இருப்பதோடு. கரண்ட் கம்பி, உழவு மெசின், ஆற்றுவாழை, குப்பை, வீடு, எது இருக்கோ அது. போடும்போது இரண்டையும் சேர்த்துப் போடுகிறோம், கீழே இடமும் திகதியும். ஈபேர்டிலும் ஏற்றுகிறோம். அங்கே படத்தோடு இடமும் நாளும் சேர்ந்தே பதியும், ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் பயன்படும். லைக் குறைந்தது உண்மை. பாதிக்கும் கீழ்.

உழவு மெசின் படங்கள் எதிர்பாராத விதமாக நல்லா வந்தன. பெரும்போகத்துக்குச் சேறு அடிக்கிற நேரம் மெசினுக்குப் பின்னால் நூறு கொக்கு நடக்கும். மெசினை வெட்டிவிட்டால் அது வெறும் நூறு கொக்கு. கிட்டங்கித் தாம்போதியிலும் அப்படித்தான். மழை கூடித் தண்ணி றோட்டுக்கு மேலால் பாய்கிற நாட்களில் நாவிதன்வெளிப் பக்கம் போகிற ஆக்கள் முழங்காலளவு தண்ணியில் நடக்க, ஓரத்தில் வலை வீசுகிறவருக்கு நாலடி தள்ளி சாம்பல் நாரை நிற்கும். இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான்.

இடத்தைப் போடக்கூடாத ஒரு சந்தர்ப்பமும் உண்டு: கூடு. இதை நாங்கள் வெட்கத்தோடுதான் எழுதுகிறோம். தாமரை இலைகளுக்கு நடுவே நீளவால் இலைக்கோழி ஒன்று இருந்தது. அது எழும்பிப் பறந்தால் அந்த நீண்ட வாலோடு ஒரு படம் கிடைக்கும் என்று எங்களில் ஒருத்தன் மண்கட்டி எறிந்தான். மற்ற மூன்று பேரும் தடுக்கவில்லை, கெமராவைத் தூக்கிக்கொண்டு தயாராகத்தான் நின்றோம். அது எழும்பியது. படமும் கிடைத்தது. பிறகு பார்த்தால் அது இருந்த இடத்தில் நாலு முட்டை, வெயிலில். இலைக்கோழியில் பெட்டை முட்டையிட்டுவிட்டு அடுத்த சேவலிடம் போய்விடும்; அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது சேவல்தான். அது திரும்பி வரும்வரை வரம்பில் நின்று பார்த்தோம். சுற்றிச் சுற்றிக் கத்தியது, நாங்கள் போகாமல் அது வராது என்று புரியவே நேரம் எடுத்தது. அந்தப் படத்தை எங்கேயும் போடவில்லை.

மாரியில் வருகிறவற்றை எழுப்புவதும் இதே கதைதான். நம்மட வயலில் நிற்கிற பொரி உள்ளான் அறுபது கிராம் அளவுதான் இருக்கும். ஐரோப்பாவின் வடக்கிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து, மார்ச், ஏப்ரலில் திரும்ப அவ்வளவு தூரமும் பறக்க வேண்டும். ஒவ்வொரு கல்லெறியும் அது தின்று சேர்த்த கொழுப்பிலிருந்துதான் போகும். பறக்கிற படம் வேணுமா, குந்தி இருங்க. அது தானாகப் பறக்கும். பறப்பதற்கு முன்னால் பெரும்பாலும் ஒருதரம் எச்சமிடும் அல்லது கழுத்தை நீட்டும், அப்போது விரலை அழுத்துங்க.

ஏஐயால் ஒரு சொல்லில் குப்பையை எடுத்துவிடலாம், பின்னணியை மாற்றிவிடலாம். ஸ்னாப்சீட்டில் நாங்கள் அரை மணித்தியாலம் பாடுபட்டது இப்போது மூன்று செக்கன். அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், இங்கே வேண்டாம். கோடு அதே கோடுதான்.

அந்தக் கொக்குப் படத்தை இருந்தபடி திரும்பப் போடலாம் என்று மூலப் படத்தைத் தேடினோம். இல்லை. மெமரி கார்ட் நிறைந்த ஒரு நாள் எங்களில் யாரோ பழையதை எல்லாம் அழித்திருக்கிறோம். எடிட் பண்ணினது மட்டும்தான் மிச்சம். திரும்ப எடுப்போம் என்று அதே இடத்துக்குப் போனால், கொக்கு நின்ற இடத்தில் கிறவல் கொட்டியிருந்தது, ஏழெட்டு லோட் இருக்கும். வீட்டுச் சுவர் லின்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. கிறவலுக்கு மேலே ஒரு ஆட்காட்டி நின்று எங்களைப் பார்த்துக் கத்தியது. அது கிறவல் தரையில் முட்டையிடுகிற சாதி, அதனால கிட்டப் போகவில்லை. றோட்டிலேயே நின்று, 250இல், கம்பியும் சுவரும் விழ எடுத்தோம். கொஞ்சம் இருட்டாகத்தான் வந்திருக்கிறது, ஷெடோவை மட்டும் கூட்டினோம்.

மூத்தவரின் கேள்விக்கு நாங்கள் சரியான பதில் சொல்லிவிட்டோமா தெரியாது. அந்த ஆட்காட்டிப் படத்தை அவருக்குப் போனில் காட்டினோம். நீண்ட நேரம் பெருப்பித்துப் பார்த்தார். “இது ஹாஜியார்ட வளவுக்குப் பின்பக்கமெல்லா” என்றார்.